கல்லுக்கு அஞ்சும் ஊர்

குச்சவெளியிலிருந்து கொழும்புக்கு வருகின்றவர்கள் பெரும்பாலும் அலுவலாகவே வருகிறார்கள். கடவுச்சீட்டு எடுக்க, நோயாளியை வைத்தியரிடம் காட்ட, வெளிநாடு செல்பவரை வழியனுப்ப என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். நகரம் பார்ப்பதற்கென்றே வருகிறவர்கள் மிகக் குறைவு. ஆகவே, உயர்தர வகுப்பில் வரலாறு படிக்கும் என் தங்கையின் மகள், "மாமா, ஒருநாளைக்குக் கொழும்பைச் சுற்றிக் காட்டுங்கோ" என்று கேட்டபோது எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது. இந்நகரில் முப்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழில் பார்த்தவன் நான். செய்திக்காக எத்தனையோ கட்டடங்களின் படியேறியிருக்கிறேன். அவற்றை நின்று நிதானமாகப் பார்த்ததில்லை.

காலையில் புறக்கோட்டையில் தொடங்கினோம். சிவப்பும் வெள்ளையும் வரிவரியாக ஓடும் பள்ளிவாசல் 1909இல் கட்டி முடிக்கப்பட்டது. அங்கிருந்து சற்றுத் தொலைவில், ஒல்லாந்தர் 1757இல் கட்டி முடித்த வுல்ஃபெண்டால் தேவாலயம் இருக்கிறது. அதையும் கடந்து கொச்சிக்கடைக்குப் போனால், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் மீளக் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் கோவில். நண்பகலில் பேரை ஏரியின் நடுவே சீமா மாலகத்தில் அமர்ந்திருந்தோம். கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பௌத்தத் தியான மண்டபம் அது. அதற்குப் பணம் கொடுத்தவர் தம் மகனை இழந்த ஒரு முஸ்லிம் வணிகர் என்று சொன்னபோது மருமகள் நம்பவில்லை. "உண்மையாகவோ மாமா?" என்று இருமுறை கேட்டாள்.

பிற்பகல் தேசிய நூதனசாலை. தமிழக வாசகர்கள் அருங்காட்சியகம் என்று கொள்க. தேசாதிபதி வில்லியம் கிரெகரியின் முயற்சியால் 1877இல் திறக்கப்பட்ட இந்த வெண்ணிற மாளிகையை, இத்தாலியப் பாணியில் வரைந்தவர் ஜேம்ஸ் ஸ்மிதர். கட்டி எழுப்பியவர் வாப்பிச்சி மரைக்கார். என்ன சன்மானம் வேண்டும் என்று கேட்ட தேசாதிபதியிடம், வெள்ளிக்கிழமைகளில் இதை மூடி வைத்தால் போதும் என்று மரைக்கார் கூறினார் என்பது பரம்பரையாக வரும் கதை. கதை எப்படியாயினும், நெடுங்காலம் வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலை மூடப்பட்டிருந்தது உண்மை.

உள்ளே ஒரு கல் முன்னால் நீண்ட நேரம் நின்றோம். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணத்துக்கென 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டுப் பொறிக்கப்பட்ட கல்வெட்டு அது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்குரியது. மூன்று இடத்துக்கும் பொன்னும் வெள்ளியும் பட்டும் ஏறத்தாழ ஒரே அளவில் காணிக்கை. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டபோது இது ஒரு மதகின் மேல் மூடுகல்லாகக் கிடந்தது!

"எங்கட ஊர்க் கல்லை ஏன் மாமா இங்க கொண்டு வரேல்லை?" என்று கேட்டாள் மருமகள்.

அவள் கேட்டது குச்சவெளிக் கடலோரப் பாறையில் உள்ள வடமொழிக் கல்வெட்டைப் பற்றி. அது பாறையிலேயே வெட்டப்பட்டது, பெயர்த்துக் கொண்டுவர முடியாது என்றேன். கொண்டுவராததும் நல்லதே. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கண்டெடுக்கப்பட்ட தாரா தேவியின் பொன்முலாம் பூசிய வெண்கலச் சிலை, 1830 முதல் லண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க எங்கள் பிள்ளைகள் விசா எடுக்க வேண்டும்.

ஆனால் அவளுடைய கேள்வி என்னை விட்டு அகலவில்லை. குச்சவெளிக் கல்லில் எழுதுவித்தவர் மகாயான பௌத்தர். தாம் தேடிய புண்ணியத்தால் உலகின் துயர் தீர்க்க வேண்டும் என்பது அவருடைய வேண்டுதல். எங்கள் பிரதேச செயலாளர் பிரிவிலேயே உள்ள திரியாயின் பாறைக் கல்வெட்டு, பல்லவர் காலக் கிரந்த எழுத்தில் வடமொழியில், திரபுசர், வல்லிகர் என்ற வணிகரைக் குறிப்பிடுகிறது. மாமல்லபுரத்துக் கற்களில் காணும் எழுத்து மரபு, எங்கள் கரையில் ஒரு பௌத்தத் தலத்தின் புகழைப் பாடுகிறது. இந்தக் கல்லை ஒரே இனத்தின் உறுதிப்பத்திரமாக எவரால் வாசிக்க முடியும்?

வாசிக்கத்தான் செய்கிறார்கள். 2020 ஜூனில், கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஒரு செயலணி அமைத்தார். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அச்செயலணியில், அமைக்கப்பட்டபோது தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட இல்லை. அதன் பின் எங்கள் ஊர்ப் பக்கத்தில் எல்லைக் கல் என்றாலே காணி போய்விடும் என்ற பொருள் வந்துவிட்டது. வயலில் பழஞ்செங்கல் அகப்பட்டால் என்ன செய்வீர்கள் என்று ஒரு விவசாயியிடம் கேட்டேன். "திருப்பி மூடிப்போட்டுப் பேசாமல் இருப்பன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொல்லியலுக்கு இதைவிடப் பெரிய கேடு வேறென்ன?

எங்களிடமும் பிழை உண்டு. மணிமேகலையைக் காப்பியமாகக் கொண்டாடும் நாம், மண்ணிலிருந்து ஒரு புத்தர் சிலை வெளிப்பட்டால் அது நம்முடையதல்ல என்று முதல் வார்த்தையிலேயே கைவிட்டு விடுகிறோம். நாம் கைவிட்டதை மற்றவர் தமக்கு மட்டும் உரியதென்று எடுத்துக்கொள்கிறார்.

கோரிக்கை பெரிதல்ல. கண்டெடுக்கப்பட்ட பொருளால் எவருடைய குடியிருப்பும் வயலும் பறிபோகாது என்ற உறுதி எழுத்தில் வேண்டும். அகழ்கின்றவர்களிடையே அந்த ஊரின் பிள்ளைகளும் இருக்க வேண்டும். கல்லில் உள்ளது உள்ளபடி மூன்று மொழியிலும் அங்கேயே எழுதி வைக்கப்பட வேண்டும். கடல் கடந்து வந்த தளபதி 1409இல் மூன்று மொழியில் மூன்று சமயத்தாருக்கும் மரியாதை செய்தான். நம்முடைய அரசுக்கு அது இயலாத காரியமா?

அன்றிரவு திருகோணமலை பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டேன். கூடவே ஊருக்குப் போகும் அயலவர் குடும்பமும் இருந்தது. "அடுத்த விடுமுறைக்கு வாறன், அந்தப் பாறையை நீ எனக்குக் காட்டு" என்றேன்.

"நான் கிட்டப் போனதில்லை மாமா. அந்தப் பக்கம் போகாதே, பிறகு வீண் பிரச்சினை என்று அம்மா சொல்லுவா."

பதினெட்டு வயது. வரலாறு படிக்கிறாள். அந்தப் பாறை அவள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்.