தேர்க்காலா, தராசா?

திருவாரூர்க் கோயிலருகே கல்தேர் ஒன்று நிற்கிறது. கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனின் புகழ் பாட நிற்கிறது. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலும் அவனுக்குச் சிலை உண்டு. "நீதியென்றால் இதுவன்றோ நீதி!" என்று வகுப்பிலே நாமும் முழங்கினோம். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான்: "ஐயா, கன்று வந்ததை இளவரசன் பார்த்தானா?"

பார்க்கவில்லை, தோழர்களே! கன்று தானே துள்ளி வந்து விழுந்தது என்று புராணமே புகல்கிறது. வேண்டுமென்றே செய்தானா? வயதென்ன? வருந்தினானா? திருந்துவானா? மன்னன் இவற்றை எண்ணிப் பார்க்கவில்லை. மாண்டது கன்று, மாளட்டும் மகன்! இது நீதியன்று, கணக்கு.

மனுநூலிலோ கேள்வி உண்டு. ஒரே கேள்வி: "நீ என்ன குலம்?" பார்ப்பனனுக்குத் தலையை மழிப்பதே மரண தண்டனை, மற்றவர்க்கோ மரணமே தண்டனை என்கிறது எட்டாம் அத்தியாயம். முன்னது கண்மூடித்தனம், பின்னது ஓரக்கண்!

நம் அரசியல் சட்டம் இரண்டையும் ஏற்கவில்லை. 14ஆம் பிரிவு சமத்துவம் பேசுகிறது. 21ஆம் பிரிவு முறையான வழியின்றி உயிரைப் பறிக்காதே என்கிறது. ஆயுள் கைதி கொலை செய்தால் தூக்கு ஒன்றே என்றிருந்த தண்டனைச் சட்டத்தின் 303ஆம் பிரிவை 1983இல் உச்ச நீதிமன்றம் செல்லாதாக்கியது. சட்டப் புத்தகத்தில் உருண்டுகொண்டிருந்த தேர்க்கால் அது! அதற்கு முன்பே, 1980இல், பச்சன் சிங் வழக்கில் நெறி வகுக்கப்பட்டது. குற்றத்தை மட்டும் பாராதே, குற்றவாளியையும் பார். வயதைப் பார், மனநிலையைப் பார், பிறர் ஆதிக்கத்துக்கு ஆட்பட்டானா என்று பார். திருந்தமாட்டான் என்பதை அரசே மெய்ப்பிக்கட்டும். அரிதினும் அரிதான வழக்கில் மட்டுமே தூக்கு! அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1978இல், ஒகையோ மாநில வழக்கொன்றில், குற்றவாளிக்குச் சாதகமான எந்தச் சூழலையும் எடைபோடத் தடை கூடாது என்றது.

ஏட்டிலே இது. நாட்டிலே?

கீழ்வெண்மணியை மறப்போமா? 1968 டிசம்பர் 25 அன்று 44 உயிர்கள் குடிசையில் கருகின. மேல்முறையீட்டில் மிராசுதார்கள் விடுதலையாயினர். பெருநிலம் உடையோர், கார் வைத்திருப்போர், தாமே நடந்து சென்று தீ வைப்பரோ என்று ஐயுற்றது உயர்நீதிமன்றம். அவர்களைத் தூக்கிலிட்டிருக்க வேண்டும் என்பதன்று நம் வாதம். செல்வம் தராசில் ஏற முடிந்தது. கூலி உழவனின் வறுமைக்கு அத்தராசில் இடமுண்டா என்பதே நம் கேள்வி.

தருமபுரியில் 2000ஆம் ஆண்டு பேருந்து எரிப்பில் மாணவியர் மூவர் மாண்டனர். மூவருக்குத் தூக்கு, 2010இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே நீதிமன்றம் 2016இல், கும்பல் வெறியில் நடந்த செயலென எடைபோட்டு, ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. குற்றம் அதே, ஆட்கள் அவர்களே, மாறியது எடை! இடையில் கயிறு முந்தியிருந்தால்?

"மாண்டவர்க்கு யார் அழுவது?" என்பர். அழுவோம்! குற்றவாளியைச் சிறையிலிடுக, மறுக்கவில்லை. ஆனால் ஆத்திரத்துக்குத் தராசு பிடிக்கத் தெரியாது.

இங்கே நடுவர் குழுவும் இல்லை. தண்டனையை எடைபோடுபவர் நீதிபதியே. அவர்முன் குற்றவாளியின் குடும்பம், கல்வி, மனநலம், சிறை நடத்தை ஆகியவற்றை விசாரணைக் கட்டத்திலேயே வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2022இல். பச்சன் சிங் தீர்ப்புக்கு 42 ஆண்டுகள் கழித்து! நல்ல வழக்கறிஞரை அமர்த்த வழியற்றவனுக்கு அந்த 42 ஆண்டுகளில் யார் இவற்றைத் திரட்டித் தந்தார்?

எனவே கேட்போம், இளைஞர்காள்! தண்டனைக்கு முன் போதிய அவகாசம் எங்கே? முழுமையான அறிக்கை எங்கே? ஏழைக்குத் திறமான வழக்கறிஞர் எங்கே? இவை மூன்றும் இல்லாத தூக்குத் தீர்ப்பு, கருப்பு அங்கி போர்த்திய தேர்க்காலே!

வகுப்பிலே மாணவன் கேட்டதை மன்றத்திலே நாடு கேட்கட்டும்: "கன்று வந்ததை அவன் பார்த்தானா?"