எஃப்.சி. பெயிண்டும் எங்க வீட்டு குட்டி யானையும்

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகமான்னு கேக்காதீங்க. இந்தத் தடவை ஆணி இல்ல, துரு. ஆறு வாரமா சனி, ஞாயிறு ரெண்டு நாளும் கையில உப்புத்தாளோட ஒரு வண்டியைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். தோள்பட்டை இன்னும் வலிக்குது. ஆனா தேய்க்கத் தேய்க்க மண்டையில ஏறின ஒரு விஷயத்தை உங்ககிட்ட சொல்லியே ஆகணும்.

அப்பா காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில ஒரு சின்ன ஷெட் வச்சிருக்கார். தகடு வெட்டி, வளைச்சு, வெல்டிங் அடிச்சு கம்பெனிகளுக்கு சப்ளை பண்ற வேலை. அப்பாவையும் சேர்த்து மொத்தம் அஞ்சு பேர். அந்தச் சரக்கை அம்பத்தூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் சுமக்கிறது எங்க டாடா ஏஸ். 2005ல வந்த வண்டி. நம்ம ஊர்ல அதுக்குப் பேரு குட்டி யானை. எங்களோடது 2009 மாடல், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. ரெண்டே சிலிண்டர், 702 சிசி, 16 குதிரை சக்தி. இன்னிக்கு ஓ.எம்.ஆர்.ல உக்காந்து பொட்டி தட்டுறேனே, அதுக்கான என்ஜினீயரிங் ஃபீஸைக் கட்டினது அந்த 16 குதிரைதான்.

சரக்கு வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு எஃப்.சி.ன்னா என்னன்னு தெரியும். தெரியாதவங்களுக்கு: வண்டி ரோட்டுல ஓடத் தகுதியானதுதான்னு அரசாங்கம் குடுக்கிற சான்று. வண்டிக்கு எட்டு வயசு ஆகுற வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருஷா வருஷம் காட்டணும். 15 வருஷம் தாண்டின வண்டிக்கு 2022 ஏப்ரல்ல இருந்து கட்டணமும் எகிறிடுச்சு. இந்த எஃப்.சி.யை ஒட்டியே நம்ம ஊர்ல ஒரு சம்பிரதாயம் இருக்கு. அதுதான் எஃப்.சி. பெயிண்ட். இன்னிக்குக் காலையில பட்டறையில விட்டா, நாளைக்கு மதியம் வண்டி பளபளன்னு மாப்பிள்ளை மாதிரி வந்து நிக்கும்.

போன வருஷம் நாங்களும் அடிச்சோம். ஆறு மாசம்தான். பின்னாடி பாடியில அங்கங்க கொப்புளம் கிளம்பிடுச்சு. நகத்தால நெருடினா செதில் செதிலா உதிருது. இரும்பு துருவானா அதோட பருமன் கூடும். அது தன் மேல இருக்கிற பெயிண்டைத் தூக்கும், தூக்கின இடத்துல தண்ணி போகும், தண்ணி போனா இன்னும் துரு. நாம பாக்கிற கொப்புளம் ரூபாய்க் காசு அளவுன்னா, உள்ள இருக்கிறது உள்ளங்கை அளவு.

எனக்கு வந்ததே கோபம்! நேரா அந்தப் பட்டறைக்குப் போனேன். பெயிண்டர் அண்ணன் டீ குடிச்சுக்கிட்டு இருந்தார். சண்டைக்குன்னே போனவன்கிட்ட அவர் அமைதியா ஒண்ணு கேட்டார்:

"தம்பி, ஒரே நாள்ல வேணும், காலையில எஃப்.சி. இருக்குன்னு சொன்னது யாரு?"

நாந்தான் சொன்னேன். ஃபோன்ல. மீட்டிங் நடுவுல.

"துருவை முழுசா எடுக்கணும்னா நாலஞ்சு நாள் ஆகும். இருபத்தெட்டாயிரம் ஆகும். உங்க அப்பாகிட்ட அன்னிக்கே சொன்னேன். 'அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்பா'ன்னாரு. நான் என்ன பண்றது?"

டீ ஒண்ணு வாங்கிக் குடுத்தார். குடிச்சிட்டு வந்துட்டேன் :-)

வீட்டுக்கு வந்து, "வண்டியை ஸ்கிராப்புக்குப் போட்டுடலாம்ப்பா"ன்னு ஆரம்பிச்சேன். அப்பா நிமிந்துகூடப் பாக்கல. "என்ஜின் நல்லாத்தான இருக்கு. தோலு கெட்டுப்போச்சுன்னு ஆளையா தூக்கிப் போடுவ?" புது வண்டிக்கு லோன் போட்டா மாசா மாசம் தவணை. ஷெட்டுக்கு வர்ற ஆர்டர் அப்படி மாசா மாசம் வர்றதில்ல. அவர் கணக்கு அவருக்கு. சரி, நாமளே வீட்டுல வச்சுப் பண்ணிடலாம்னு பிப்ரவரி கடைசியில இறங்கினேன். மழைக்காலம்னா இந்த வேலையே நடக்காது. ஈரக்காத்துல தின்னர் சட்டுனு ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, ஈரம் படிஞ்சு, பெயிண்ட் வெள்ளையா பூத்துடும்.

ரெண்டாவது வாரம்தான் அந்த விஷயம் நடந்துச்சு. பின்பக்கக் கதவோட கீலைத் தாங்குற குறுக்குச் சட்டத்துல போன வருஷத்து வெள்ளையைத் தேய்ச்சு எடுத்தேன். அடியில பட்டி. நல்லா வழவழன்னு இழுத்துவிட்ட பட்டி. அதையும் தேய்ச்சேன். அடியில இரும்பைக் காணோம். ஸ்க்ரூடிரைவரால லேசா குத்தினேன். உள்ள போயிடுச்சு.

அந்தக் கதவு பக்கத்துலதான் எங்க ஷெட்டுல வேலை பாக்குற அண்ணன் தினமும் நின்னு சரக்கு இறக்குவார். அரை டன்னுக்கு மேல தகடு உள்ள இருக்கும். கீல் பிய்ச்சுக்கிட்டு வந்திருந்தா கதவு அவர் கால் மேலயா, நெஞ்சு மேலயான்னுதான் கேள்வி. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல. நாப்பது வருஷமா இரும்போட பழகுறவர். அவர் வெல்டிங் வச்ச சாமானை, அழுகின இரும்பு மேல ஏத்தி ஊர் ஊரா அனுப்பியிருக்கார். அன்னிக்கு ராத்திரியே ஷெட்டுக்குக் கொண்டுபோய் அந்தத் துண்டை வெட்டியெடுத்துட்டு புதுத் தகடு வச்சு அவரே வெல்டிங் அடிச்சார்.

இப்ப நான் சொல்ல வந்தது. எஃப்.சி. பெயிண்ட் அழகுக்காக அடிக்கிறதில்ல, மறைக்கிறதுக்காக அடிக்கிறது. நம்ம பாஷையில சொன்னா, எரர் வந்தா அதைப் பிடிச்சு உள்ள ஒண்ணுமே எழுதாம விட்ட கேட்ச் பிளாக். ஸ்கிரீன்ல ஒண்ணும் தெரியாது. டெமோ சூப்பரா போகும். ஆனா உள்ள எரிஞ்சுக்கிட்டே இருக்கும். சோதனை பண்ற அதிகாரியை ஏமாத்துறோம்னு நினைக்கிறோம். அவர் சீல் குத்திட்டு வீட்டுக்குப் போயிடுவார். அந்தக் கதவுக்குக் கீழ நிக்கப் போறது நம்ம ஆளு.

"காசு இல்லப்பா, அதான்"னு சொல்றவங்களுக்கு என் கணக்கைக் குடுத்துடறேன். உப்புத்தாள் (80, 120, 220 நம்பர்) 600 ரூபாய், ப்ரைமர் 900, பட்டி 400, எனாமல் 1,100, தின்னர் 500, பிரஷ், ரோலர், ஒட்டுற டேப் எல்லாம் 600, மாஸ்க், கண்ணாடி, கையுறை 1,300. ஆக மொத்தம் 5,400. இதுல கலருக்குப் போனது அஞ்சுல ஒரு பங்குதான். 12 நாள் வேலையில கலர் அடிச்சது ரெண்டே நாள். மிச்சமெல்லாம் தேய்க்கிறதும் ப்ரைமரும்தான். வார நாள்ல வண்டி ஓடணுமே, அதனால வாரத்துக்கு ஒரு பக்கமா எடுத்துத் தேய்ச்சு, அன்னிக்கு சாயங்காலமே ப்ரைமர் பூசிடுவேன். தேய்ச்ச இரும்பை ராத்திரி திறந்து விட்டா, பனி பட்டு காலையில திரும்பத் துரு. அஞ்சு வாரம் எங்க குட்டி யானை காக்களூர் ரோட்டுல வரிக்குதிரையாத்தான் திரிஞ்சுது.

சிக்கனம் எங்க பண்ணலாம்? பெயிண்ட்ல பண்ணலாம். ஸ்பிரே கன், கம்ப்ரஸர் வேணாம், ரோலர் போதும். கார் மாதிரி மினுங்கணும்னு ஹார்டனர் கலக்குற 2கே பாலியூரிதேன் பக்கம் வீட்டுல போகவே போகாதீங்க. அந்த ஹார்டனர்ல இருக்கிற ஐசோசயனேட் தொழிலாளிகளுக்கு ஆஸ்துமா வரவைக்கிறதுல பேர் போனது. ஒரு தடவை உடம்புக்கு ஒத்துக்காம போச்சுன்னா, அப்புறம் துளி பட்டாலே இழுக்க ஆரம்பிச்சுடும். சாதா சிந்தெடிக் எனாமல் ரெண்டு மெல்லிசான கோட், நடுவுல ஒரு நாள் காயவிட்டா போதும். சரக்கு வண்டிக்கு அது தாராளம்.

சிக்கனம் பண்ணக் கூடாதது ரெண்டு. ஒண்ணு தேய்க்கிறது. துரு மேல பட்டி போட்டா அது ஈரத்தை உறிஞ்சி வச்சுக்கும். ரெண்டாவது மாஸ்க். எங்க வண்டியில வெள்ளைக்கு அடியில பழைய ஓனர் அடிச்ச மஞ்சள் இருந்துச்சு. பழைய மஞ்சள், சிவப்பு பெயிண்ட்ல நிறத்துக்காக லெட் குரோமேட், அதாவது ஈயம் சேர்க்கிறது சாதாரணம். இந்தியாவுல வீட்டு, அலங்கார பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல இருக்கக் கூடாதுன்னு 2016ல விதி போட்டு, 2017 நவம்பர்ல இருந்து அமலுக்கு வந்துச்சு. ஆனா அது வீட்டு பெயிண்டுக்குத்தான்; தொழிற்சாலை, வண்டி பெயிண்டுக்கு இல்ல. ஈயத்துல இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைங்கிற அளவே கிடையாது, சின்னப் பசங்களோட மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எங்க பழைய பெயிண்டை டெஸ்ட் எல்லாம் பண்ணல. ஈயம் இருக்குன்னே வச்சுக்கிட்டு, தண்ணி தொட்டுத் தேய்ச்சு, கீழ விரிச்ச ஷீட்டோட வழிச்சு எடுத்தேன். தெருப் பசங்களைப் பக்கத்துல விடல. ப்ரைமர் வாங்கும்போதும் டப்பாவைப் படிங்க. ஜிங்க் குரோமேட்னு போட்டிருந்தா அது புற்றுநோய் வரவைக்கிற சரக்கு. ஜிங்க் பாஸ்பேட் கேட்டு வாங்குங்க.

கடைசி ஞாயித்துக்கிழமை அந்தப் பெயிண்டர் அண்ணனையே கூப்பிட்டேன், ரோலர் கோடு விழாம எப்படி இழுக்கிறதுன்னு காட்டச் சொல்லி. சந்தோஷமா வந்தார். என் மாஸ்க்கைப் பாத்துட்டு சிரிச்சார். "நாங்க கர்ச்சீஃப் கட்டிக்குவோம் தம்பி." இருபது வருஷமா அப்படித்தானாம். கர்ச்சீஃப் தின்னர் ஆவியைத் தடுக்காது. பேசிக்கிட்டு இருக்கும்போதே மூணு தடவை இருமினார். நாம "ஒரே நாள்ல, கம்மியா" பேசி முடிக்கிற ரேட்டுல அவரோட நுரையீரலும் சேந்துதான் இருக்கு. அந்த மாஸ்க்கை அவர்கிட்டயே குடுத்துட்டேன். போடுவாரான்னு தெரியல.

பெயிண்டோட உண்மையான வேலை என்னன்னு பாம்பன் பாலத்தைக் கேட்டா சொல்லும். 1914ல திறந்த அந்தப் பழைய ரயில் பாலம் உப்புக் காத்துல நின்னுக்கிட்டு 2022 டிசம்பர் வரைக்கும் ரயிலைச் சுமந்துச்சு. 108 வருஷம். துரு எடுக்கிறதும், பழுதான இரும்பை மாத்துறதும், பெயிண்ட் பூசுறதும் ஓயாம நடந்ததாலதான். எஃப்.சி. பெயிண்ட் அடிச்சு ஓட்டின பாலம் இல்ல அது.

வண்டி இப்ப எப்படி இருக்கு? கிட்டப் போனா ரோலர் கோடு தெரியுது. இடது பக்கம் ஒரு இடத்துல வழிஞ்சிருக்கு. பின்னாடி என்ன வாசகம் எழுதலாம்னு அப்பாவைக் கேட்டேன். "ஒண்ணும் வேணாம், ரிஃப்ளெக்டர் டேப்பை நேரா ஒட்டு"ன்னார். அப்புறம் கதவை ரெண்டு தடவை இறக்கி ஏத்திப் பாத்துட்டு ஷெட்டுக்குக் கிளம்பிப் போயிட்டார். பாராட்டுன்னே எடுத்துக்கிட்டேன் :-)

உங்க வீட்டுலயோ கடையிலயோ வேலைக்கு ஓடுற பழைய வண்டி இருந்தா, அடுத்த எஃப்.சி.க்கு முன்னாடி ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்துக்கிட்டு கீல் பக்கம் ஒரு தடவை குத்திப் பாருங்க. பெயிண்ட் அப்புறம் அடிச்சுக்கலாம்.

டிஸ்கி: அடிக்கிறதுதான் அடிக்கிறோம், கலரை மாத்திடலாம்னு ஆசைப்படாதீங்க. ஆர்.சி.யில என்ன கலரோ அதேதான். மாத்தணும்னா ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் ஆர்.சி.யிலயும் மாத்தணும். ஆலிவ் பச்சை மட்டும் கேக்கவே கேக்காதீங்க, அது ராணுவ வண்டிக்கு மட்டும்தான்னு 1989 மோட்டார் வாகன விதியிலேயே இருக்கு.