இந்திரன் ஊரில் மழை கூடாதாம்!

"மழைக்காலத்தில் பாங்காக்குக்குப் போகாதீர்கள்" என்று ஓர் உபதேசம் நம்மிடையே உலவி வருகிறது. பிரயாணப் புத்தகங்கள் சொல்கின்றன; டிக்கெட் விற்கும் கம்பெனிகள் சொல்கின்றன; போய்விட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார்; போகவே போகாத எதிர்வீட்டுக்காரர் இன்னும் அழுத்தமாகச் சொல்கிறார். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல சீஸனாம். மே மாத நடுவிலிருந்து அக்டோபர் வரை, அதாவது வருஷத்தில் ஐந்து மாதம், அப்படி ஓர் ஊர் இருப்பதையே மறந்துவிட வேண்டுமாம்.

இந்த உபதேசத்தை நான் எதிர்க்கிறேன். சும்மா உட்கார்ந்த இடத்திலிருந்து எதிர்க்கவில்லை. வருஷத்திலேயே அதிகமாக மழை கொட்டுகிற செப்டம்பர் மாதத்தில், தெரிந்தே போய், பத்து நாள் நனைந்துவிட்டு வந்து எதிர்க்கிறேன்.

டிக்கெட் எடுக்கப் போனபோது அங்கே இருந்த பையன் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான இரக்கம் இருந்தது.

"செப்டம்பரா சார்? வேண்டாம் சார். ரூமுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கணும். ஜனவரியிலே போங்க. ஃபோட்டோ எல்லாம் பளிச்சுனு வரும்."

அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் விற்கிற சரக்கு வெயில். கடைக்காரன் தன் சரக்கைத்தானே புகழ்வான்? என் கோபமெல்லாம் அந்த வியாபார வாக்கியத்தை வேதவாக்காக்கி, ஒரு நகரத்தின் பாதி ஆயுளை 'மோசமான காலம்' என்று முத்திரை குத்திவிட்ட நம் போன்ற படித்தவர்கள் மேல்தான்.

முதலில், அது யாருடைய ஊர் என்று பார்ப்போம். பாங்காக் என்பது வெளியார் சொல்லும் பெயர். அந்த ஊர்க்காரர்களுக்கு அது 'க்ருங் தேப்', தேவர்களின் நகரம். 1782-ல் முதலாம் ராமா என்ற அரசர் சாவ் ப்ரயா ஆற்றின் கிழக்குக் கரையில் அதைத் தலைநகராக்கினார். அதன் முழுச் சம்பிரதாயப் பெயர், உலகத்திலேயே நீளமான ஊர்ப் பெயர் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. மூச்சு வாங்காமல் சொல்ல முடியாத அந்தப் பெயருக்குள்ளேயே, 'இந்திரன் அளித்தது, விசுவகர்மா கட்டியது' என்ற வாசகம் இருக்கிறது. நகரசபையின் முத்திரையைப் பார்த்தாலோ, ஐராவதத்தின் மேல் இந்திரன் ஏறி உட்கார்ந்திருக்கிறான். இந்திரன் எதற்கு அதிபதி என்று நம் வீட்டுப் பாட்டியைக் கேட்டால் சொல்வாள். மழைக்கு அதிபதி கொடுத்த ஊருக்கு, அவன் லீவில் போயிருக்கும்போது பார்த்துப் போய்வா என்கிறார்களே, மாப்பிள்ளை ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துக் கல்யாணத்துக்குப் போ என்பது போல இல்லையா இது?

பெயரில் என்ன இருக்கிறது என்பீர்கள். சரி, மண்ணைப் பாருங்கள். நகரத்தின் தரை கடல் மட்டத்துக்குச் சராசரியாக ஒன்றரை மீட்டர் உயரம். ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல்தான் அத்தனையும். வடக்கே அயுத்தயா பக்கத்துச் சமவெளியில் வெள்ளத்தோடு வளரும் ஒரு நெல் உண்டு. தண்ணீர் ஏற ஏறத் தாளும் நீளும். ஒரே நாளில் 20, 25 சென்டிமீட்டர்கூட வளர்ந்து, தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டிருக்கும். பயிரே இப்படி என்றால் மனிதர்கள் எப்படி இருந்திருப்பார்கள்? கால் வைத்த மர வீடுகளில் இருந்தார்கள். நகரத்திலேயே பலர் ஆற்றில் மிதக்கும் தெப்ப வீடுகளில் கடை வைத்துக் குடும்பம் நடத்தினார்கள்.

அவர்களுடைய பஞ்சாங்கம் முழுவதும் மழையைச் சுற்றித்தான் ஓடுகிறது. மே மாதத்தில் அரண்மனைக்கு அருகே சனாம் லுவாங் மைதானத்தில் அரச ஏர் பூட்டும் சடங்கு நடக்கும். இடையில் நின்றுபோயிருந்த அதை 1960-ல் மறுபடி தொடங்கினார்கள். ஏர் ஓட்டும் அதிகாரி, மூடி வைத்த மூன்று வேட்டிகளில் ஒன்றைத் தொட்டு எடுப்பார். நீளமானது வந்தால் அந்த வருஷம் மழை குறைவு. குட்டையானது வந்தால் மழை அதிகம். தண்ணீரில் நடக்கிறவனுக்கு வேட்டி குட்டையாகத்தானே இருக்க வேண்டும்! ஜூலையில் பிக்ஷுக்களின் மழைக்கால விரதம் தொடங்கும். இளம் பயிரை மிதித்துவிடக் கூடாது என்று மூன்று மாதம் ஊர் ஊராகத் திரியாமல் ஒரே விஹாரத்தில் தங்குவார்கள். நம் ஊர்ச் சன்னியாசிகளின் சாதுர்மாஸ்யம்தான் அது. மழையெல்லாம் ஓய்ந்தபின், பெரும்பாலும் நவம்பரில் வரும் ஒரு பௌர்ணமியன்று, வாழைத்தண்டில் பூவும் விளக்கும் வைத்து ஆற்றில் விடுவார்கள். யாருக்கு? 'மே கொங்கா'வுக்கு, அதாவது கங்கை அம்மாவுக்கு. வருஷம் முழுவதும் உன்னை உபயோகித்தோம், அசுத்தப்படுத்தினோம், மன்னித்துக்கொள் என்று கேட்கிறார்கள்.

மழையிடம் மன்னிப்புக் கேட்கிற ஜனங்களின் ஊர் அது. அங்கே மழையைக் குற்றவாளியாக்கிவிட்டு, ஜனவரியில் இறங்கி நாலு கோயிலும் ஆறு கடையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் என்னத்தைப் பார்த்தார்?

நான் பார்த்ததைச் சொல்கிறேன். பிற்பகல் நாலு மணிக்கு வானம் ஈயம் பூசினாற்போல் ஆகும். தெருவோரத்து மீன் உருண்டைக்காரி வானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். கை தானாகப் பிளாஸ்டிக் விரிப்பைத் தேடும். மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்காரர்கள் ரயில் பாலத்தடியில் ஒதுங்கிச் சதுரங்கக் காயாகச் சோடா மூடிகளை அடுக்குவார்கள். ஸேன் ஸேப் கால்வாயில் பிரயாணிப் படகு ஓடுகிறது. 1837-ல் படைகளைக் கொண்டுபோவதற்காக வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. இப்போது குமாஸ்தாக்களையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கொண்டுபோகிறது. மழை இறங்கியதும் படகின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள், முன்பின் தெரியாதவர்கள், ஒரே சமயத்தில் கயிற்றை இழுத்துப் படுதாவை உயர்த்துவார்கள். நானும் இழுத்தேன். தலையில் ஹெல்மெட் போட்ட கண்டக்டர் அம்மாள் படகின் விளிம்பிலேயே நடந்து வந்து, என் ஈரக் கையிலிருந்து காசை வாங்கிக்கொண்டாள். பாலம் தாழ்வாக வரும். தலையைக் காத்துக்கொள்ளத்தான் அந்த ஹெல்மெட். இந்தப் பத்து நிமிஷத்துக்கு எந்த அரண்மனையையும் நான் ஈடாக வைக்க மாட்டேன்.

ஆனால் ரசனைக்காக மட்டும் நான் வாதாடவில்லை. 'மழை மோசம்' என்ற இந்த வார்த்தை ஒரு பெரிய மோசடிக்கு உடந்தையாக இருக்கிறது. அதுதான் விஷயம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஊரின் வீதிகள் கால்வாய்களே. 1861-ல் ஐரோப்பியக் கான்ஸல்கள் நாலாம் ராமா மன்னருக்கு ஒரு விண்ணப்பம் போட்டார்கள். குதிரை வண்டியில் காற்று வாங்கப் போகச் சாலை இல்லை, அதனால் தங்களுக்கு அடிக்கடி உடம்புக்கு வருகிறது என்பது அதன் சாரம். அரசர் சாரோன் க்ருங் என்ற சாலையைப் போட்டுக் கொடுத்தார், 1864-ல் முடிந்தது. சாலை போட்டதை நான் குறை சொல்லவில்லை. வண்டி வேண்டும், சாலையும் வேண்டும். ஆனால் அடுத்த நூறு வருஷத்தில் சாலைப் பசி கால்வாய்களைத் தின்னத் தொடங்கியது. சீலோம் சாலை ஓரமாக ஓடிய கால்வாயை மூடினார்கள். ஸாதோர்ன் சாலையில் நடுவே ஓர் இளைத்த வாய்க்கால்தான் மிச்சம். தண்ணீர் போக வழியை அடைத்தாயிற்று. போதாததற்கு, ஆழ்குழாய்களால் நிலத்தடி நீரை உறிஞ்சினார்கள். 1970-களின் கடைசியில் சில பகுதிகள் வருஷத்துக்குப் பத்து சென்டிமீட்டர் வரை கீழே இறங்கின. 1977-ல் சட்டம் கொண்டுவந்து கட்டுப்படுத்திய பிறகுதான் வேகம் தணிந்தது. 2006-ல் திறந்த புதிய விமான நிலையத்தின் பெயர் சுவர்ணபூமி. அது எழும்பி நிற்கும் இடத்தின் பழைய பெயர் 'நாகப்பாம்புச் சதுப்பு'. வெள்ளம் தங்கிப் போகிற தாழ்நிலம். பெயரை மாற்றிவிட்டால் பள்ளம் மேடாகிவிடுமா?

2011-ல் கணக்கு தீர்ந்தது. அந்த வருஷம் மழை அதிகம்தான், மறுக்கவில்லை. வடக்கே அணைகள் நிரம்பித் திறந்துவிட்டன. அயுத்தயாவின் தொழிற்பேட்டைகள் மூழ்கின. அக்டோபர் 25-ல் டான் முவாங் விமான நிலையத்தை மூடினார்கள்; 2012 மார்ச்சில்தான் அது திறந்தது. 800-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நஷ்டம் சுமார் 1.4 லட்சம் கோடி பாட் என்று உலக வங்கி கணக்குப் போட்டது. ஆனால் எந்தத் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நிற்பது என்பதை மேகம் தீர்மானிக்கவில்லை. மணல் மூட்டைகள் தீர்மானித்தன. நகரத்தின் நடுப்பகுதியைக் காப்பாற்ற மூட்டைச் சுவர் எழுப்பினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் வாரக்கணக்கில் அழுகிய தண்ணீரில் நின்றார்கள். பொறுக்க முடியாமல் சில இடங்களில் ஜனங்களே திரண்டு வந்து மூட்டைகளைப் பிரித்தார்கள்.

சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில், முப்பது வருஷமாகக் கல் வியாபாரம் செய்யும் தமிழ் முஸ்லிம் பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். "அந்த வருஷம் உங்களுக்கு எப்படி இருந்தது பாய்?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தம்பி? இந்தத் தெரு காய்ஞ்சு கிடந்துச்சு. நான் பாட்டுக்குக் கடை திறந்து சாம்பிராணி போட்டேன். எங்கிட்ட வேலை பார்த்த பையன் வீடு ஆத்துக்கு அந்தாண்டை. ஒரு மாசம் இடுப்பளவு தண்ணி. தினம் ஈரக் காலோட வந்து இந்தக் காய்ஞ்ச தரையிலே நிப்பான். அவன் மூஞ்சியை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெக்கமா இருக்கும்."

ஒரே நகரம், ஒரே மழை. ஒருவன் தரை காய்ந்திருக்க இன்னொருவன் தரை மூழ்கியது. பத்திரிகைத் தலைப்பிலோ 'மழையால் வெள்ளம்' என்று ஒரே வரி. கால்வாயை மூடியவன், சதுப்பை விற்றவன், மூட்டை எங்கே அடுக்குவதென்று வரைபடத்தில் கோடு போட்டவன் எல்லாரும் அந்த ஒரு வரிக்குப் பின்னால் குடைபிடித்து நிற்கிறார்கள். மழைக்குத்தான் வக்கீல் கிடையாதே!

"நீர் எழுத்தாளர், ஹோட்டல் ஜன்னலிலிருந்து மழையை ரசிப்பீர். கூடை தூக்கி விற்கிறவளைக் கேளும்" என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான கேள்வி. மழை நாளில் அவளுக்கு வியாபாரம் பாதிதான். ஆனால் அரை மணி நேர மழை அவள் சோற்றில் மண்ணைப் போடுவதில்லை. மழை நின்ற பின்னும் மூன்று மணி நேரம் வடியாமல் நிற்கிற தெருதான் போடுகிறது. அந்தத் தெருவை வானம் போடவில்லை. அவளுக்காகப் பேசுகிறவர் மழையைத் திட்டுவதில் அவளுக்கு என்ன லாபம்?

செய்ய முடியாத காரியமும் அல்ல இது. சூலலாங்கார்ன் சர்வகலாசாலை 2017-ல் ஒரு பூங்கா திறந்தது. கச்சகார்ன் வராகோம் என்ற பெண்மணி அமைத்தது. 11 ஏக்கர் நிலம். விலையோ சொல்லத் தரமில்லாத நகர நடு இடம். நிலத்தையே மூன்று டிகிரி சாய்த்து, மழைநீர் வழிந்து கீழே குளத்தில் சேரும்படி செய்திருக்கிறார். பெருமழையில் பத்து லட்சம் காலன் வரை தாங்குமாம். பாட்டன் கால்வாய் வெட்டினான், அப்பன் மூடினான், பேத்தி குளம் தோண்டுகிறாள். நல்லவேளை, பேத்தி பாட்டன் பக்கம்.

இதெல்லாம் அயலூர்க் கதை என்று நாமும் கையைத் துடைத்துக்கொள்ள முடியாது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது நாமும் இதே ஒரு வரியைத்தான் சொன்னோம். ஏரியில் மனை வாங்கியவர்களும் சொன்னோம்; விற்றவர்களும் சொன்னார்கள்.

ஆகவே, செலவு செய்து பாங்காக் போகிறவர்களுக்கு என் யோசனை இது: செப்டம்பரில் போங்கள். ஹோட்டல் வாடகையும் குறைவு. முதல் நாளே தெருமுனையில் ஒரு குடை வாங்கிக்கொள்ளுங்கள். மழை விட்டதும் வெளியே வந்து, எந்தத் தெரு உடனே வடிகிறது, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று கவனியுங்கள். நிற்கிற தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று யாராவது ஒரு கிழவரைக் கேளுங்கள். ஊர் என்றால் என்ன என்பதற்கு அவர் சொல்லும் பதில் எந்தப் பிரயாணப் புத்தகத்திலும் இராது. ஃபோட்டோ கொஞ்சம் மங்கலாக வரும். அதனால் என்ன?