பதினொன்னு செட் வீரர்கள்

திருவிழாவுக்கு எங்கள் தோட்டத்து இசைக்குழுவில் லீட் வாசிக்க வேண்டிய பையன், விரல் நுனிகளில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். அவனுடையது ஸ்ட்ராட் வடிவில் ஒரு மலிவுக் கிட்டார். கடையிலிருந்து மெல்லிய ஒன்பது செட் கம்பியோடுதான் வந்தது. சீனியர் ஒருவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் பொம்பளப் புள்ளைங்க போடுற கம்பி தம்பி, பதினொன்னு போட்டாத்தான் சத்தம் தடிப்பா வரும்” என்று உபதேசித்திருக்கிறார். போட்டான். பிரிட்ஜ் முன்னால் சாய்ந்து பின்பக்கம் எழும்பிக்கொண்டது, கம்பிகள் கழுத்தைவிட்டு உயர்ந்தன, பென்ட் பண்ணப்போன விரல் கிழிந்தது. பெரியவர் திரும்ப வந்து பார்த்து, “பழகினாச் சரியாப் போயிரும்” என்றார். என்ன ஒரு வைத்தியம்!

பொம்பளப் புள்ளைகளாம். மழையிலும் பனியிலும் மலையேறி நாள் முழுக்கக் கொழுந்து பறிக்கிற பெண்களின் விரலைப் பார்த்தபடியே மலையகத்துப் பூண்டுலோயாவில் வளர்ந்த ஒருவர் இதைச் சொல்கிறார். அந்த விரல்களோடு போட்டிக்கு நின்றால் ஐயாவின் வீரம் அரைப் பேருக்குக்கூட, அதாவது அரைநாள் சம்பளத்துக்குக்கூடத் தேறாது.

சரி, தடித்த கம்பிதான் தடித்த சத்தம் என்றால் டோனி ஐயோமியை என்ன செய்வது? பேர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்த பதினேழு வயதுப் பையன். 1965இல் இயந்திரம் அவனுடைய வலது கை நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியையும் கொண்டுபோனது. இடது கைக்காரன் என்பதால் கம்பியை அழுத்த வேண்டிய கையே அதுதான். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்கு உறை செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டான். கடையில் மெல்லிய கம்பி கிடைக்காத காலம். பேன்ஜோ கம்பியை எடுத்துக் கிட்டாரில் மாட்டினான். 1970இல் அவன் கிட்டார் வாசித்த பிளாக் சப்பாத் குழுவின் முதல் இசைத்தட்டு வந்தது. உலகத்திலேயே கனமான சத்தம் என்று இன்றுவரை பேசப்படுவது இந்த மெல்லிய கம்பிச் சத்தம்தான். பின்னாளிலும் அவர் எட்டு செட்காரர். எங்கள் சீனியரின் கணக்குப்படி ஐயோமி தாலாட்டுத்தான் வாசித்திருக்க வேண்டும்.

இந்தப் பொய்யின் ஊற்று எனக்குத் தெரியும். நம்மவர்கள் எல்லாரும் பொக்ஸ் கிட்டாரில் பைலா அடித்துப் பழகியவர்கள். அங்கே கம்பிதான் பலகையை அதிர வைக்க வேண்டும். தடிப்புக்கு வேலை உண்டு. எலக்ட்ரிக் கிட்டாரில் காந்தத்துக்கு மேலே இரும்பு அசைகிறது, சுருளில் சிறு மின்சாரம் பிறக்கிறது, மிச்சத்தை ஆம்ப் பார்த்துக்கொள்கிறது. தடித்த கம்பியில் இரும்பு கொஞ்சம் கூட, சிக்னலும் கொஞ்சம் கூட. அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் ஆம்ப்பில் ஒரு குமிழ் வைத்திருக்கிறான். அதைத் திருப்ப இரத்தம் சிந்தத் தேவையில்லை.

ஒன்பது என்றால் முதல் கம்பியின் விட்டம் அங்குலத்தில் ஆயிரத்தில் 9 பங்கு. 25.5 அங்குல ஸ்ட்ராட்டில் அதைச் சுருதிக்கு ஏற்றினால் ஏறக்குறைய 6 கிலோ இழுக்கும். பதினொன்று 9 கிலோவை நெருங்கும். முதல் கம்பியில் மட்டும் இவ்வளவு என்றால் ஆறு கம்பிக்கும் சேர்த்துப் பாருங்கள். பிரிட்ஜின் பின்பக்க ஸ்பிரிங்கை இறுக்காமல், கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராடைத் தொடாமல், நட்டின் வெட்டைப் பார்க்காமல் பதினொன்று போடச் சொன்னவர் கிட்டாருக்கும் எதிரி, பையனுக்கும் எதிரி. எட்டை மாட்டி, மூன்று அரைச்சுரம் சுருதியையும் இறக்கினால், இழுவிசை பதினொன்றில் நாற்பது வீதம்கூட வராது. 1971இல் ஐயோமி சுருதியை அந்த அளவுக்கு இறக்கினார். சத்தம் இன்னும் கனத்ததே தவிர மெலியவில்லை.

உடனே புளூஸ் கிட்டார்க்காரர் ஸ்டீவி ரே வானைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பதின்மூன்று போட்டார், உண்மை. அரைச்சுரம் இறக்கி வைத்துக்கொண்டு போட்டார் என்பதைச் சொல்ல மாட்டார்கள். விரல் தோல் பிய்ந்து சூப்பர் க்ளூ பூசி வாசித்ததை மட்டும் சிவபுராணம் போலச் சொல்வார்கள். ரொக் கிட்டார்க்காரர் பில்லி கிப்பன்ஸ் தடித்த கம்பியில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, ஏன் இந்த வீண்பாடு என்று கேட்டுத் திருத்தியவர் புளூஸ் மேதை பி.பி. கிங். கிப்பன்ஸ் இன்று ஏழு செட் போடுகிறார். அவர் சத்தம் மெலிசு என்று சொல்ல எந்தச் சீனியருக்குத் துணிச்சல் உண்டு?

கம்பியின் தடிப்போடு இந்த அறியாமை நிற்பதுமில்லை. பளபளப்பாக இருக்கிறதென்று பொக்ஸ் கிட்டாரின் வெண்கலக் கம்பியை எலக்ட்ரிக்கில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வெண்கலத்தைக் காந்தம் மதிக்காது. வெண்கலம் சுற்றிய மேல் கம்பிகள் முனகும், வெறும் இரும்பான கீழ்க் கம்பிகள் கத்தும். அதற்கும் வைத்தியம், பெட்டிக்கு மேல் பெட்டி அடுக்கிக் கோயில் ஓடு அதிரச் சத்தம் வைப்பது! தப்பு மேளத்தை நெருப்பில் காய்ச்சிப் பதம் பார்த்து அடிக்கத் தெரிந்த சனம் நாங்கள். தோல் எந்தப் பதத்தில் பேசும் என்று எங்கள் தாத்தாமாருக்குத் தெரிந்தது, பேரனுக்கு இரும்பில் தெரியவில்லை.

எனக்கு உண்மையான கோபம் கம்பி மேல் இல்லை. வலித்தால்தான் வேலை, வலிக்காவிட்டால் ஏமாற்று என்று இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக ஊறிப்போன எண்ணத்தின் மேல். சொன்ன கிலோ பறிக்காவிட்டால் அரைப் பேர் போட்டவன் சொல்லித் தந்த பாடம் அது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவுக்காக வருஷக்கணக்கில் கத்தி 2021இல்தான் வாங்கினோம். அதுவரை “கஷ்டப்பட்டால் முன்னேறலாம்” என்று நமக்கு வகுப்பெடுத்தவர்கள் ஏராளம். அந்த வகுப்பை இப்போது நம்மவரே கிட்டார் பழகவந்த பிள்ளைக்கு எடுக்கிறார். யந்திரத்துக்கு விரலைக் கொடுத்த தொழிலாளியான ஐயோமி, வலியைப் பெருமையாக்கிக்கொண்டு உட்காரவில்லை. வலியைக் குறைக்க வழி தேடினார். அந்த வழியில்தான் புதுச் சத்தமே பிறந்தது.

ஆகவே தம்பிமாரே, ஸ்ட்ராட் என்றால் ஒன்பது, கழுத்து குட்டையான கிப்சன் ரகம் என்றால் பத்து, நிக்கல் பூசிய இரும்புக் கம்பி போதும். எங்கள் ஊர்ப் பனிக்குக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் துடைத்து வையுங்கள், மிச்சக் காசுக்கு இன்னொரு செட் வாங்கி வையுங்கள். இன்னும் கீழ்ச் சுருதியில் வாசிக்க ஆசை வந்தால் அப்போது தடித்ததைப் பற்றி யோசிக்கலாம். யாராவது சீனியர் வந்து பதினொன்னு போடச் சொன்னால், கிட்டாரை அவர் கையிலேயே கொடுத்து, முதலில் ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.