வெளிநாட்டு விவகாரமா? நம்ம வீட்டு விவகாரம்!

இராஜதந்திர வரலாறுன்னாலே நம்மில் பலருக்கு அலுப்பு. கோட் போட்ட இரண்டு பேர் கைகுலுக்குற படம், கீழே ஒரு திகதி. பரீட்சை முடிஞ்சதும் மறந்துடுவோம். ஆனால் மலையகத்துப் பிள்ளைகள் வேறு எதை வாசிக்காமல் விட்டாலும் இதை விடக்கூடாது என்பேன்.

வில்லியம் ஆப்பிள்மன் வில்லியம்ஸ் (1921–1990) என்ற அமெரிக்கரை எடுத்துக்கொள்வோம். கடற்படை அதிகாரியாக இருந்து, பின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர். பனிப்போர் நடந்துகொண்டிருந்த 1959இல், 'அமெரிக்க இராஜதந்திரத்தின் அவலம்' என்ற நூலை வெளியிட்டார். வெளியே சந்தை விரிந்தால்தான் உள்ளே வாழ்வு என்ற நம்பிக்கைதான் அமெரிக்க வெளியுறவைச் செலுத்தியது என்பது அவர் வாதம். சுருக்கமாச் சொன்னா, ஒரு நாடு வெளியே செய்வதற்கான காரணத்தை அதன் வீட்டுக்குள்ளே தேடு.

அதை இங்கே பொருத்திப் பாருங்க. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. தோட்ட வாக்குகள் வேறு சில தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் கைகொடுத்தன. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் வாக்குரிமையும் போனது. இது உள்நாட்டு ஆசனக் கணக்கு. இந்த மக்கள் இரு நாடுகள் பேசித் தீர்க்க வேண்டிய 'பிரச்சினை' ஆக்கப்பட்டார்கள்.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யாரைப் பற்றிப் பேசினார்களோ அவர்களுக்கு அந்த மேசையில் ஒரு நாற்காலி இல்லை.

ஒப்பந்தத்துக்கு அடுத்த வருடமே, 1965இல், ஷெல்டன் கொடிகார சுதந்திரத்துக்குப் பின்னரான இந்திய–இலங்கை உறவுகள் பற்றி ஒரு நூல் எழுதினார். நம்மைப் பற்றி நடந்த பேரங்களை அறிய அது தேவையான நூல். ஆனால் அரசுகளின் உறவை எழுதும் நூலில் நம்ம ஆட்கள் எண்ணிக்கையாகத்தான் வர முடியும். வில்லியம்ஸிடமும் இதே குறை உண்டு. அதிகாரிகளும் வியாபாரிகளும் அவர் எழுத்தில் தெரிவது போல, அந்தக் கொள்கைக்குக் கீழே நசுங்கியவர்கள் தெரிவதில்லை.

அந்தக் குறையைத் தீர்ப்பது நம்ம வேலை. எங்கள் பலாபத்வலவை ஊடறுத்துப் போகிறது ஏ9 வீதி. மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக் கோப்பித் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் நடந்தே வந்தவர்களின் தடம் இந்தப் பக்கத்தில்தான். நூறு வருஷத்துக்கும் மேல கழிச்சு, அவர்களின் சந்ததியில் ஒரு பகுதி தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்துக்குப் போனது. யார் போனார்கள், யார் நின்றார்கள், விண்ணப்பத்தில் எந்த நாட்டை எழுதுவது என்று வீட்டில் யார் முடிவெடுத்தார்கள்? இதையெல்லாம் டில்லிக் கோப்பிலோ கொழும்புக் கோப்பிலோ தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். லயத்து தகரப் பெட்டிகளில் கிடக்கும் பழைய பாஸ்போர்ட்டிலும் பிரஜாவுரிமைச் சான்றிதழிலும் கடிதங்களிலும்தான் அது இருக்கு.

1964இல் இருபது வயதில் இருந்தவர்களுக்கு இப்போ எண்பது தாண்டிடுச்சு. அவங்ககிட்ட கேட்டு எழுத, ஃபோனில் ஒரு ரெக்கோர்டரும் ஒரு போயா நாளும் போதும். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது தொடங்குங்க.