தரத்தைத் திருத்தும் உரிமை யாருக்கு?

நிர்வாகச் சிந்தனைகளை நிறுவனங்கள் ‘பின்பற்றுகின்றன’ என்று எழுதிப் பழகிவிட்டோம். எந்தச் சிந்தனையும் வந்த வடிவிலேயே நிலைப்பதில்லை. ஏற்கும் இடம் அதை மாற்றியே தீரும். மாற்றுவது யார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

1950இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் ஜப்பானில் தரக் கட்டுப்பாடு குறித்து உரையாற்றியபோது, கேட்டவர்கள் பொறியாளர்களும் மேலாளர்களுமே. 1962இல் கவோரு இஷிகாவா முதலியோரின் முயற்சியால் அக்கருவிகள் பட்டறைத் தளத்திற்கு இறங்கின. மேற்பார்வையாளர்களுக்கென ஓர் இதழ் தொடங்கப்பட்டது. அதைக் கூடிப் படித்துத் தம் வேலையில் பொருத்திப் பார்த்த சிறு குழுக்களே தர வட்டங்கள் ஆயின. வேலை செய்வோரே குறையைக் கண்டறிந்து தீர்வையும் முன்மொழியலாம் என்பது ஜப்பானியர் சேர்த்த பகுதி. அச்சிந்தனை அங்கு வேரூன்றியதற்கு அதுவே காரணம் என்பது என் வாதம்.

தொழிலுலகின் மதிப்பீட்டு முறைகள் நம் பல்கலைக்கழகங்களுக்கும் வந்தன. 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு கல்விசார் செயல்திறன் குறியீட்டை விதியாக்கியது. கட்டுரைக்கு இத்தனை புள்ளி, கருத்தரங்கிற்கு இத்தனை புள்ளி. மூப்பையும் செல்வாக்கையும் மட்டுமே நம்பிய பதவி உயர்வுக்கு மாற்று தேவைப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அளக்கப்பட்டவர்களுக்கு அளவுகோலைத் திருத்தும் உரிமை இல்லை. ஆகவே அதைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டனர். ஓர் ஆய்வு மூன்று கட்டுரைகளாக உடைந்தது. பணம் பெற்று வெளியிடும் போலி ஆய்விதழ்கள் பெருகின. 2018 மே மாதத்தில் மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்தே 4,305 இதழ்களை நீக்க நேர்ந்தது.

நிறுவனமும் கற்காமல் இல்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் 2022இல் கைவிடப்பட்டது. 2025இல் ‘கேர்’ இதழ்ப் பட்டியலும் கைவிடப்பட்டது. எனினும் விதி வந்ததும் மேலிருந்து, விலகியதும் மேலிருந்து. இடையில் ஆண்டுக்கணக்கில் அதன் விலையைக் கொடுத்தவர்கள் ஆய்வாளர்கள். தனிநபரை ஆண்டுதோறும் தரவரிசைப்படுத்துவதை நிர்வாகத்தின் கொடிய நோய்களுள் ஒன்றாக டெமிங்கே கண்டித்தார் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. நாக் வழிகாட்டுதலின்படி கல்லூரிதோறும் அகத் தர உறுதிப் பிரிவு இருக்கிறது. அதில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடமுண்டு. பெரும்பாலும் ஆண்டறிக்கை தொகுக்கும் அலுவலகமாகவே அது சுருங்கிவிட்டது. தன் துறையில் நல்ல ஆய்வு எது, அதை எப்படி அறிவது என்று ஒவ்வொரு துறையும் கூடி விவாதித்து, அளவுகோலை ஆண்டுதோறும் திருத்தும் களமாக அதை மாற்றலாம். வரலாற்றுத் துறைக்கும் வேதியியல் துறைக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது என்பதை அங்கே பணிபுரிவோர் அறிவர். அந்த அறிவுக்கு விதியில் இடமளிக்காதவரை, தரம் என்பது நாம் நிரப்பும் படிவமாகவே எஞ்சும்.