இடுப்பு வலிக்கு மருந்து ஜீப் சீட்டில் இருக்கிறது

1/
போடிநாயக்கனூர் மக்களுக்கும், ஏலத்தோட்ட முதலாளிகளுக்கும், ஜீப் ஓட்டும் தம்பிமார்களுக்கும் ஒரு மருத்துவனாக நான் எழுதும் நீண்ட பதிவு இது. விஷயம் பார்க்கச் சின்னது. தொழிலாளர்களை மலைக்கு ஏற்றிச் செல்லும் ஜீப்பின் பின்பக்கம் எதிரெதிராக இருக்கும் இரண்டு நீள பெஞ்சு சீட். அதை எடுத்துவிட்டு, முன்னோக்கிப் பார்த்து உட்காரும் சீட் போட வேண்டும் என்கிறேன். ஏன், எப்படி, யார் செலவில்? மூன்றையும் சொல்லிவிடுகிறேன்.

2/
ஊர்க்காரர்களுக்குத் தெரியும், வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். போடியில் விடிவதற்கு முன்பே பெண்கள் சோறாக்கி, தூக்குவாளியில் கட்டிக்கொண்டு ஜீப் ஏறிவிடுவார்கள். முந்தல் தாண்டினால் மலை. போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கப்புறம் பூப்பாறை, சாந்தன்பாறை என்று கேரளாவின் இடுக்கி மாவட்டத் தோட்டங்கள். பல தோட்டங்களுக்குத் தார்ச்சாலையை விட்டிறங்கி கல்லும் குழியுமான பாதையில் போக வேண்டும். மாலையில் அதே வழியாக இறக்கம். வேலை நாளெல்லாம் இதேதான்.

3/
இவர்கள் மருத்துவரிடம் வரும்போது சொல்வது ஒன்றுதான்: "சார், இடுப்பு விட்டுப் போகுது. குனிஞ்சா நிமிர முடியல." நாமும் "குனிந்து வேலை பார்க்கிறீர்கள், அதான்" என்று மாத்திரை எழுதுகிறோம். அது பாதி உண்மை. ஏலச்செடியில் காய் பிடிப்பது தூரில், தரையை ஒட்டி. நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும்தான் எடுக்க வேண்டும். மீதிப் பாதி, வேலைக்கு முன்னும் பின்னும் அந்தப் பெஞ்சில் கழியும் நேரம். இந்தப் பாதியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

4/
முதுகெலும்பில் என்ன நடக்கிறது?
உட்கார்ந்திருக்கும் மனித உடல், மேலும் கீழுமாக வினாடிக்கு சுமார் 4 முதல் 8 முறை வரும் அதிர்வில்தான் அதிகம் பாதிக்கப்படுகிறது. கரடுமுரடான பாதையில் வண்டி தருவது பெரும்பாலும் இந்த வகை ஆட்டத்தைத்தான். எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வுத் தட்டு ஒவ்வொரு குலுக்கலுக்கும் அழுந்தி விரிகிறது. தசைகள் உடம்பை நிமிர்த்திப் பிடித்தே களைத்துப் போகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2002லேயே ஒரு தொழிலாளியின் உடம்பு ஒரு நாளைக்கு எவ்வளவு அதிர்வு வாங்கலாம் என்று உச்சவரம்பு வைத்துவிட்டது. ஆக இது சொகுசு பற்றிய பேச்சு கிடையாது. தொழில்சார் நோய் பற்றிய பேச்சு.

5/
அப்போ மெத்தை போட்டால் சரியாகிவிடுமா? ஆகாது.
பக்கவாட்டில் பார்த்து உட்கார்ந்தவருக்கு பிரேக் போட்டால் உடம்பு தோள்பக்கமாகச் சாய்கிறது. முன்னோக்கி உட்கார்ந்தவர் காலை ஊன்றித் தாங்கிக்கொள்வார். பெஞ்சில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. வளைவில் வண்டி திரும்பினால் ஒரு வரிசை எதிர் வரிசையின் மடியில் விழும். விழாமல் இருக்க இடுப்பை முறுக்கி, கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்து 17 வளைவும் கடக்க வேண்டும். முதுகு சாய்க்கப் பலகை இருந்தாலும் அது இடுப்பு வளைவுக்குப் பொருந்துவதில்லை. தோட்டத்தில் இறங்கும்போதே பாதி உழைப்பு முடிந்திருக்கிறது.

6/
வாந்தி விஷயம்.
"மலை ஏறுனா எனக்கு ஒத்துக்காது" என்பார்கள். வண்டி ஒரு திசையில் போகிறது, கண் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்வதும் கண் சொல்வதும் ஒத்துப்போகாததால் குமட்டல். முன்னோக்கி உட்கார்ந்து பாதையைப் பார்த்தாலே பலருக்கு இது குறையும். வாந்திக்குப் பயந்து வெறும் வயிற்றோடு வருகிறவர்களும் உண்டு. வாந்தி மாத்திரை போட்டால் பலருக்குத் தூக்கம் வரும். சரிவில் நின்று வேலை பார்க்கிறவருக்கு அது இன்னொரு ஆபத்து.

7/
விபத்து.
நம் மத்திய மோட்டார் வாகன விதி 138, பின்னால் இருப்பவர்களில் யார் சீட் பெல்ட் போட வேண்டும் என்று சொல்லும்போது "முன்னோக்கிய சீட்டில் இருப்பவர்" என்றே சொல்கிறது. பெஞ்சில் உட்கார்ந்தவர் அந்தக் கணக்கிலேயே இல்லை. பெல்ட் மாட்டினாலும் இடுப்பை மட்டும்தான் அது பிடிக்கும். மோதலில் மேலுடம்பு பக்கவாட்டில் ஒடிந்து, கழுத்துக்குச் சேதம் வரும். இதனால்தான் ஐரோப்பா 2005ல் கொண்டுவந்த விதிப்படி புதிய கார்களில் பக்கவாட்டு சீட் பொருத்துவதையே தடுத்தது. வீடு போல வசதி செய்த சுற்றுலா வண்டிகளிலும், ஓடும்போது யார் எந்த சீட்டில் உட்காரலாம் என்ற கேள்வி அங்கே பெரிதாகப் பேசப்படுகிறது.

8/
அந்த மாதிரி வண்டி நமக்கு எட்டாத ஒன்றல்ல. கேரள அரசு 2021ல் கேரவன் சுற்றுலாத் திட்டம் அறிவித்தது. முதல் கேரவன் பூங்கா வந்தது வாகமனில். அதுவும் இதே இடுக்கி மாவட்டம்தான். சோபா, படுக்கை, கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே. வரட்டும், சந்தோஷம். ஒரு நாள் மலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவரின் இடுப்புக்கு யோசித்தோம். வருஷக்கணக்கில் அந்த மலையில் உழைக்கிறவரின் இடுப்புக்கு எப்போது யோசிப்போம்?

9/
சரி, எப்படிப்பட்ட சீட்?
- முன்னோக்கியது. தோள்பட்டை வரை முதுகுச் சாய்வு, தலைக்குத் தாங்கல், ஆளுக்கொரு பெல்ட்.
- கால் தரையில் முழுதாகப் பதியும் உயரம். கால் தொங்கினால் தொடையின் அடிப்பக்கம் அழுந்தி மரத்துப்போகும்.
- கெட்டியான ஃபோம். மெதுவான பஞ்சு உட்கார்ந்ததும் சுகமாக இருக்கும், குழி வந்தால் அமுங்கி அடிப்பலகையில் நேராக அடி வாங்க வைக்கும்.
- சாமான் வைக்க இடம் வேண்டுமென்றால் மடக்கும் சீட். மூட்டையைக் கூரையில் ஏற்றாதீர்கள், வளைவில் வண்டி கவிழும் வாய்ப்பு கூடும்.

10/
ஜீப் உரிமையாளர்களே, ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு நாளைக்கே பட்டறைக்குப் போய் வெல்டிங் வைத்துவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற விடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில், அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. பலவீனமாக ஒட்டிய சீட் விபத்தில் ஆளோடு சேர்ந்து பிய்ந்துகொண்டு வரும். இன்சூரன்ஸிலும் தகராறு வரலாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிச் செய்யுங்கள். அடுத்த வண்டி வாங்கும்போது முன்னோக்கிய சீட் உள்ளதாகவே பார்த்து வாங்குங்கள்.

11/
இப்போது உண்மையான எதிர்ப்புக்கு வருவோம்: "சார், முன்னோக்கி சீட் போட்டா ஆள் குறையுமே. டீசல் யார் போடுறது?"
நியாயமான கேள்வி. பெஞ்சில் நெருக்கி, மடியில் உட்கார வைத்து ஏற்றலாம். தனி சீட்டில் முடியாது. அதனால்தான் பெஞ்சு இன்னும் உயிரோடு இருக்கிறது. அளவுக்கு மேல் ஏற்றினால் ஆளுக்கு 200 ரூபாய் அபராதம் என்று 2019 சட்டத் திருத்தம் சொல்கிறது. அந்த அபராதம் டிரைவர் தலையில் விழும். ஆள் வேண்டும் என்று கேட்ட தோட்டத்துக்கு விழாது. எனவே கூடுதல் டிரிப்பின் செலவைத் தோட்டம்தான் ஏற்க வேண்டும். டிரைவரோ தொழிலாளியோ ஏற்கக் கூடாது. தோட்டத் தொழிலாளர்களுக்கென்று 1951ல் வந்த சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் பற்றியெல்லாம் பேசியது. தினமும் மலை ஏறி இறங்குகிறவரின் பயணம் அதற்குள் வரவில்லை.

12/
குங்குமப்பூ, வெனிலாவுக்கு அடுத்து விலை உயர்ந்தது என்று பேர் வாங்கிய வாசனைப் பொருள் ஏலக்காய். காயை மில்லிமீட்டர் கணக்கில் சலித்துத் தரம் பிரிக்கிறோம். தோல் வெடிக்கக் கூடாது, பச்சை நிறம் போகக் கூடாது என்று பார்த்துப் பார்த்து மூட்டை கட்டுகிறோம். போடி ஏலத்தில் அதற்குத் தனி விலை. அந்தக் காயை எடுத்த கையை, அதே கவனத்தோடு கீழே இறக்கிவிட வேண்டாமா?

13/
சீட் மாறும் வரை இன்றைக்கே செய்யக் கூடியவை:
- பின்சக்கரத்துக்கு மேலும் அதற்குப் பின்னாலும்தான் குலுக்கல் அதிகம். கர்ப்பிணிகள், வயதானவர்கள், முதுகு வலிக்காரர்களை முன் சீட்டில் உட்கார வையுங்கள்.
- டயரில் காற்று சொன்ன அளவில் இருக்கட்டும். ஷாக் அப்சார்பர், பட்டைகளைக் காலத்தில் பாருங்கள்.
- சேலையையோ சாக்கையோ சுருட்டி இடுப்பு வளைவில் வைத்துச் சாயுங்கள்.
- இறங்கியதும் மூட்டை தூக்காதீர்கள். ஐந்து நிமிடம் நடந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.
- வழியில் சிறுநீர் கழிக்க ஒரு நிறுத்தம் வேண்டும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வரும் பெண்கள் நிறையப் பேர். நீர்க்கடுப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

14/
இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். இடுப்பு வலியோடு கால் பலம் குறைவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமல் போய்விடுவது, இதில் ஒன்று இருந்தாலும் எண்ணெய் தேய்த்துக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனை. நரம்புக் கற்றை அழுந்தியிருக்கலாம். தாமதித்தால் திரும்பாத பாதிப்பு.

15/
ஒரு ஜீப்புக்கு சீட் மாற்றுவது ஒரு தோட்டத்துக்குப் பெரிய செலவு இல்லை. நாலு தோட்டம் சேர்ந்து, உரிமையாளர்களோடு உட்கார்ந்து பேசினால் அடுத்த காய் எடுப்புக்குள் தொடங்கிவிடலாம். போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கிற யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதை அவருக்கு அனுப்புங்கள். வலி மாத்திரை நான் எழுதித் தருகிறேன். அது இன்றிரவு தூங்க உதவும். நாளைக் காலை அதே பெஞ்சில் ஏறுகிறவருக்கு என்னிடம் வேறு மருந்து இல்லை.